ஷட்டரை மூடிவைத்து எடுத்த படங்கள்: ஹப்பிள் தரவுக்குள் நுழைய ஒரு வழி

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் தரவை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது ஏதாவது ஒரு நெபுலாவைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். படம் திரையில் வந்தது. ஆனால் அதில் எது விண்மீன், எது கருவியின் குறும்பு என்று சொல்லத் தெரியவில்லை. புள்ளியாகத் தெரிந்ததையெல்லாம் விண்மீன் என்று நம்பி எண்ணிக்கூட வைத்தேன். பாதிக்கு மேல் காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளியிலிருந்து பாய்ந்து வந்து கருவியில் மோதும் துகள்கள்.

அதனால் உங்களுக்கு வேறு வழி சொல்கிறேன். முதல் வாரம் வானத்தைப் பார்க்கவே வேண்டாம். ஷட்டரை மூடிவைத்து எடுத்த படங்களை மட்டும் பாருங்கள். ஹப்பிள் அப்படிப்பட்ட படங்களை நாள் தவறாமல் எடுக்கிறது. அவை அளவுத்திருத்தத்துக்காக, அதாவது காலிபரேஷனுக்காக எடுக்கப்படுபவை. அவற்றைப் படிக்கப் பழகியவருக்கு நெபுலா பெரிய விஷயமில்லை.

தேவையானவை கொஞ்சம்தான். ஒரு சுமாரான கணினி, வானியல் படங்களைத் திறந்து பார்க்க டிஎஸ்9 என்ற இலவச மென்பொருள், பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் அதில் ஆஸ்ட்ரோபை என்ற வானியல் தொகுப்பு. கருவிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: டபிள்யூ.எஃப்.சி.3 என்ற கேமரா. 2009 மே மாதம், கடைசிப் பழுதுபார்ப்புப் பயணத்தில் விண்வெளி வீரர்கள் பொருத்தியது. அதிலும் புறஊதா ஒளியையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பார்க்கும் யூவிஸ் பகுதி மட்டும் இப்போதைக்குப் போதும்.

முதலில் ஒரு சுற்று எப்படிக் கழிகிறது என்று பாருங்கள்

ஹப்பிள் பூமியை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 95 நிமிடம் ஆகும். தரையிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதால் பூமி அதன் வானத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு நிற்கும். ஓர் இலக்கைச் சுற்றுக்கு ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல் பார்க்கலாம். அப்புறம் அது பூமிக்குப் பின்னால் மறைந்துவிடும்.

அந்த ஐம்பதும் முழுதாகக் கிடைக்காது. ஹப்பிள் திரும்பும் வேகம் கடிகாரத்தின் நிமிட முள் வேகம்தான். 90 டிகிரி திரும்பக் கால்மணி நேரம். திரும்பியபின் வழிகாட்டி விண்மீன்களைப் பிடித்துக்கொள்ள வழக்கமாக ஆறு நிமிடம் போகும். 2024 ஜூனிலிருந்து, திரும்பும் வேகத்தை உணரும் கைரோஸ்கோப் ஒரே ஒன்றை வைத்து ஓட்டுகிறார்கள். அதனால் இந்த வேலைகள் முன்பைவிட மெதுவாக நடக்கின்றன. செவ்வாயின் பாதையைவிட அருகில் வரும் பொருள்களைத் தொடரவும் முடிவதில்லை.

இன்னொரு தொல்லை, தென் அட்லாண்டிக்குக்கு மேலே உள்ள கதிர்வீச்சுப் பகுதி. பூமியின் கதிர்வீச்சு வளையம் அங்கே தாழ்ந்து வருகிறது. ஒரு நாளின் பதினைந்து சுற்றுகளில் பாதிக்கு மேல் ஹப்பிள் அதன் வழியே போகும். அந்த நேரத்தில் வழக்கமான அவதானிப்பு கிடையாது. இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கியான நம் ஆஸ்ட்ரோசாட்டுக்கு இந்தத் தொந்தரவு குறைவு. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியபோதே, நிலநடுக்கோட்டிலிருந்து 6 டிகிரி சாய்வில் மட்டும் சுற்றும்படி அனுப்பிவிட்டார்கள். ஹப்பிளின் சாய்வு 28.5 டிகிரி.

இலக்கு பூமிக்குப் பின்னால் மறைந்திருக்கும் நேரத்தை வீணடிப்பதில்லை. ஷட்டரை மூடிவைத்துக் கருவியைச் சோதிக்கும் படங்களில் பெரும்பகுதி அப்போதுதான் எடுக்கப்படும்.

அட்டவணையில் நெபுலாவைத் தேடாதீர்கள்

ஹப்பிளின் அறிவியல் வேலைகளை பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அட்டவணை போட்டு வெளியிடுகிறார்கள். பார்ப்பதற்கு வெறும் எழுத்துப் பட்டியல்தான்: தொடங்கும் நேரம், திட்ட எண், இலக்கின் பெயர், கருவி, வடிகட்டி (குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் உள்ளே விடுவது). வானியலாளர் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியைத் திருப்புவதில்லை. கட்டளைகள் முன்கூட்டியே மேலே போய்ச் சேர்ந்துவிடும். அது பாட்டுக்கு வேலை செய்யும்.

ஒரு வாரத்து அட்டவணையை எடுத்துக்கொண்டு இலக்குப் பெயர் வரிசையில் மட்டும் விரலை ஓட்டுங்கள். விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே 'டார்க்', 'பயாஸ்', 'டங்ஸ்டன்' என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். வானத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஷட்டர் மூடிய படமும், கருவிக்குள்ளேயே உள்ள விளக்கை எடுத்த படமும்தான் அவை. அவற்றின் திட்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரமெல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். தேதி மாறிப்போய்க் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

இறக்குதலும் கோப்பின் பெயரும்

தரவுக் கிடங்கின் பெயர் மாஸ்ட். தேடும் இடத்தில் அந்தத் திட்ட எண்ணைக் கொடுத்தால் போதும். சாதாரண ஆய்வுத் தரவுகளில் புதியவை சில மாதங்கள் விண்ணப்பித்தவருக்கு மட்டும் என்று பூட்டியிருக்கும். அளவுத்திருத்தப் படங்களுக்கு அந்தப் பூட்டு இல்லை. போன வாரம் எடுத்த டார்க்கை இன்றே இறக்கலாம். இதிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோப்பின் பெயர் ஒன்பது எழுத்து, புரியாத வார்த்தை மாதிரி இருக்கும். முதல் எழுத்து கருவி. 'ஐ' என்றால் டபிள்யூ.எஃப்.சி.3, 'ஜே' என்றால் ஏ.சி.எஸ்., 'ஓ' என்றால் ஸ்டிஸ், 'எல்' என்றால் காஸ். அடுத்த மூன்றும் திட்டத்தைக் குறிக்கும். அப்புறம் ஓர் அடிக்கோடு போட்டு, படம் எந்த நிலையில் இருக்கிறது என்று இருக்கும். 'ரா' என்றால் தொடாத படம். 'எஃப்.எல்.டி.' என்றால் அடிப்படைத் திருத்தம் செய்தது. 'எஃப்.எல்.சி.' என்றால் அதோடு மின்னூட்டக் கசிவும் (அது என்ன என்று பின்னால் பார்ப்போம்) சரிசெய்யப்பட்டது. 'டி.ஆர்.சி.' என்றால் பல படங்களைச் சேர்த்து நேராக்கியது.

எப்போதும் ராவையும் எஃப்.எல்.டி.யையும் சேர்த்தே இறக்குங்கள். முழு யூவிஸ் படத்தின் ரா ஏறக்குறைய 35 மெகாபைட், எஃப்.எல்.டி. 168. கூடுதல் எடைக்குக் காரணம், ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் பிழை அளவும் தரக்குறியும் கூடவே வருவது.

பயாஸ்: வெறும் பாத்திரத்தின் எடை

எண்ணெய்க் கடைக்குத் தூக்குப் பாத்திரம் கொண்டுபோனால் முதலில் வெறும் பாத்திரத்தை எடை போடுவார்கள் இல்லையா, பயாஸ் அதுதான். ஒளி படாமல், நேரமும் கொடுக்காமல், டிடெக்டரை, அதாவது ஒளியைப் பதிவுசெய்யும் சிப்பை, அப்படியே வாசித்தால் என்ன எண் வரும்? பூஜ்யம் வரும் என்று நினைப்போம். யூவிஸில் வருவது சுமார் 2,500. எண் ஒருபோதும் எதிர்மறைக்குப் போய்விடக் கூடாது என்று மின்சுற்றே வேண்டுமென்று கூட்டிவைக்கும் அடித்தளம் அது.

ஒரு பயாஸ் ராவை டிஎஸ்9-ல் திறங்கள். வெறும் சாம்பல் நிறம். 'இசட்-ஸ்கேல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உடனே மெல்லிய கோடுகளும் நான்கு பகுதிகளும் தெரியும். இரண்டு சிப், ஒவ்வொன்றையும் இரண்டு மூலைகளிலிருந்து இரண்டு பெருக்கிகள் (மின்னூட்டத்தை அளந்து வெளியே தரும் மின்சுற்றுகள்) வாசிக்கின்றன. ஆக நான்கு பெருக்கிகள், நான்கு வேறு அடித்தளம்.

படத்தின் அகலத்தைப் பாருங்கள்: 4,206 பிக்சல். டிடெக்டரின் அகலமோ 4,096 தான். மிச்சம் 110 எங்கிருந்து வந்தது? இரண்டு ஓரங்களிலும் ஒளி படாத 25, 25 நெடுவரிசைகள். நடுவில் பிக்சலே இல்லாமல் சும்மா வாசித்த 60. ஒவ்வொரு படத்தின் அடித்தளமும் அந்தந்தப் படத்தின் இந்த ஓரங்களை வைத்தே கணக்கிடப்படுகிறது. வெறும் பாத்திரத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாக எடை போடுகிற மாதிரி.

டார்க்: இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள்

என்னைக் கேட்டால், ஹப்பிள் எடுப்பதிலேயே சுவாரசியமான படம் டார்க்தான். ஷட்டர் மூடியபடி 900 வினாடி. டிடெக்டர் மைனஸ் 83 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. ஒளி ஒரு துளி இல்லை. ஆனாலும் படம் முழுக்கக் கீறலும் புள்ளியுமாக இருக்கும்.

நீளக் கீறல்கள், வளைந்த புழுக்கள், இரண்டு மூன்று பிக்சல் அகலப் பொட்டுகள் எல்லாம் காஸ்மிக் கதிர். மூடிய ஷட்டர் அவற்றை ஒன்றும் செய்யாது. அரை மணி நேர எக்ஸ்போஷரில் நூற்றுக்கு 5 முதல் 9 பிக்சல் வரை இதில் அடிபட்டுப்போகும். ஒரே இடத்தை ஒருமுறை மட்டும் படமெடுத்தால் ஏன் போதாது என்பது இங்கேயே புரிந்துவிடும்.

ஒற்றைப் பிக்சலாகக் கூர்மையாக மின்னுபவை வேறு சாதி. அவை சூட்டுப் பிக்சல்கள். வெளிச்சமே இல்லாமல் மணிக்கு 54 எலக்ட்ரானுக்கு மேல் தானாகச் சேர்த்துக்கொள்கிற பிக்சலை இந்தப் பெயரில் அழைக்கிறார்கள். கதிர்வீச்சில் சிலிக்கான் அடிபட்ட இடங்கள் இவை; நாளுக்கு நாள் பெருகும்.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே நாளில் எடுத்த இரண்டு டார்க்கை டிஎஸ்9-ல் இரண்டு சட்டங்களில் திறந்து, 'பிளிங்க்' போடுங்கள். மாறி மாறித் தெரியும். துள்ளி மறைவது காஸ்மிக் கதிர். அசையாமல் நிற்பது சூட்டுப் பிக்சல். அரை மணி நேரம் இப்படி உட்கார்ந்து பார்த்தால் கண் பழகிவிடும். நான் விண்மீன் என்று எண்ணியவை எவை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெருகுகிற சூட்டுப் பிக்சலுக்கு மருந்தும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை டிடெக்டரை மைனஸ் 83-லிருந்து 20 டிகிரி வரை சூடாக்கி, மறுபடி குளிர்விக்கிறார்கள். சிலிக்கானில் ஏற்பட்ட காயங்களில் பல அதில் ஆறிவிடும். எல்லாம் ஆறாது. ஆகவே ஒரு மாதத்து டார்க்கை இன்னொரு மாதத்துப் படத்துக்குப் போடக் கூடாது. எந்தப் படத்துக்கு எந்த டார்க் பொருந்தும் என்பதை அதன் தலைப்பில், அதாவது படத்தின் விவரங்கள் எழுதியிருக்கும் பகுதியில், டார்க் கோப்பு என்ற வரியே சொல்லிவிடும். படம் எடுத்து சில நாளிலேயே இறக்கியிருந்தால், சில வாரம் கழித்து மறுபடி இறக்கிப் பாருங்கள். அந்த வரி மாறியிருக்கலாம். அந்தக் காலகட்டத்து டார்க்குகள் சேர்ந்தபின் கிடங்கு தானாகவே படத்தை மறுபடி திருத்திவைக்கும்.

ஓர் எச்சரிக்கை. 2012 நவம்பருக்குப் பின் எடுத்த டார்க்குகள் முழுக் கருமையாக இருக்காது. மெல்லிய வெளிச்சம் பரவியிருக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மூடிய ஷட்டரின் உட்பக்கத்தில் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கைக் காட்டி, வேண்டுமென்றே கொஞ்சம் ஒளி ஊட்டியிருக்கிறார்கள். ஏன் என்று பார்ப்போம்.

மின்னூட்டக் கசிவு

வீட்டுக்குத் தளம் போடும் நாளைப் பார்த்திருப்பீர்கள். கலவைச் சட்டி கீழிருந்து மேலே கை மாறி மாறிப் போகும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது பின்னால் வருகிற சட்டியில் போய்ச் சேரும். டிடெக்டர் வாசிக்கப்படுவதும் அப்படித்தான். ஒரு பிக்சலில் சேர்ந்த எலக்ட்ரான்கள் இரண்டாயிரம் வரிசை வரை கை மாறித்தான் ஓரத்தில் இருக்கும் பெருக்கிக்குப் போகின்றன. கதிர்வீச்சில் அடிபட்ட சிலிக்கான் வழியில் சிலவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு, சற்றுக் கழித்து விடும். விண்மீன் மங்கும், அதற்கு வால் முளைக்கும்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? 2009 அல்லது 2010-ல் எடுத்த டார்க் ரா ஒன்றையும் சமீபத்திய ஒன்றையும் பக்கம் பக்கமாகத் திறங்கள். இரண்டு சிப்புகளுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதே, அதை ஒட்டிய பகுதியைப் பெரிதாக்குங்கள். பெருக்கிகள் வெளி ஓரங்களில் இருப்பதால் மிக நீண்ட பயணம் இந்த நடுப்பகுதிக்குத்தான். பழைய படத்தில் சூட்டுப் பிக்சல் கூரான பொட்டாக நிற்கும். புதியதில் பெருக்கிக்கு எதிர்த்திசையில் ஒரு வால் இழுபடும். பெருக்கியை நெருங்க நெருங்க வால் குட்டையாகும்.

மங்கலான விண்மீனுக்குத்தான் இதில் அடி அதிகம். நூறு எலக்ட்ரானில் இருபது ஒட்டிக்கொண்டால் பெரிய இழப்பு; பத்தாயிரத்தில் அது கணக்கே இல்லை. அந்த எல்.இ.டி. விளக்கு இதற்காகத்தான். பின்புலத்தில் கொஞ்சம் ஒளியை முன்கூட்டியே ஊட்டிவிட்டால், எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் அந்த இடங்கள் அதை வைத்து நிரம்பிவிடும். விண்மீனின் எலக்ட்ரான்கள் தப்பிப் போய்ச் சேரும். மிச்சக் கசிவை மென்பொருள் கணக்குப் போட்டுச் சரிசெய்கிறது. அந்தப் படம்தான் எஃப்.எல்.சி. சமீபத்திய யூவிஸ் படங்களில் அளவெடுக்க எஃப்.எல்.டி.யை விட்டுவிட்டு எஃப்.எல்.சி.யையே எடுங்கள்.

ஃப்ளாட்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பிக்சலும் ஒரே அளவு ஒளிக்கு ஒரே எண்ணைத் தருவதில்லை. சீரான ஒளியைக் காட்டி, எது எவ்வளவு குறைக்கிறது என்று பார்த்து அதனால் வகுப்பது ஃப்ளாட். தரைத் தொலைநோக்கிக்காரர்கள் அந்தி வானத்தைப் படமெடுத்து முடித்துவிடுவார்கள். ஹப்பிளுக்கு அந்த வசதி இல்லை. ஏவுவதற்கு முன் தரையில் எடுத்த ஃப்ளாட்டை, மேலே போனபின் ஒமேகா செண்டாரி போன்ற விண்மீன் கொத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்துத் திருத்தியிருக்கிறார்கள். ஒரே விண்மீன் டிடெக்டரின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே ஒளியைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் தத்துவம். அட்டவணையில் பார்த்த டங்ஸ்டன் விளக்குப் படங்கள், ஏதாவது மாறிவிட்டதா என்று கண்காணிப்பதற்கு.

இப்போது நாமே ஒருமுறை

ஜிடி 153 என்று தேடுங்கள். யூவிஸ், எஃப்606டபிள்யூ வடிகட்டி. இது ஒரு வெண்குறுமீன், அதாவது எரிந்து முடிந்த விண்மீனின் சூடான மிச்சம். பிரகாசம் சுமார் 13.3 (வானியலாளர்களின் அளவுகோலில் எண் கூடக் கூட மங்கல்). இதோடு ஜிடி 71, ஜி191-பி2பி என்ற இரண்டையும் சேர்த்து மூன்று வெண்குறுமீன்கள்தான் ஹப்பிளின் எடைக்கற்கள். இவற்றின் வளிமண்டலம் பெரும்பாலும் வெறும் ஹைட்ரஜன் என்பதால் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி வரும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

ஒன்று போதாதா, ஏன் மூன்று என்று கேட்கலாம். ஹப்பிளின் சொந்தக் கதையே பதில். அதன் 2.4 மீட்டர் ஆடியைத் தேய்க்கும்போது வடிவத்தைச் சோதித்த கருவியிலேயே ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. ஆடி மிகத் துல்லியமாக, தவறான வடிவத்துக்குத் தேய்ந்தது. விளிம்பு ஏறக்குறைய 2.2 மைக்ரான் கூடுதல் தட்டை. வேறு இரண்டு சோதனைக் கருவிகள் கோளாறு இருப்பதைக் காட்டத்தான் செய்தன. அவை அவ்வளவு துல்லியமானவை அல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள். 1990 ஏப்ரலில் ஏவியபின்தான் தெரிந்தது. 1993 டிசம்பரில் வீரர்கள் போய்த் திருத்தும்வரை மங்கல் பார்வைதான்.

சரி, படத்துக்கு வருவோம். எஃப்.எல்.சி.யைத் திறந்ததும் முதல் பொறி காத்திருக்கும். கோப்பில் முதலாவதாக வரும் படம் இரண்டாம் எண் சிப். அடுத்து வருவதுதான் முதலாம் எண் சிப். இது தெரியாமல் ஒருமுறை தப்பான சிப்பில் விண்மீனைத் தேடி இரண்டு இரவு போக்கியிருக்கிறேன்.

விண்மீனைக் கண்டுபிடித்ததும் அதே இடத்தில் தரக்குறிப் படத்தையும் பாருங்கள். அதில் இருப்பது கூட்டுத்தொகை. 4 என்றால் கெட்ட பிக்சல், 16 சூட்டுப் பிக்சல், 256 நிரம்பி வழிந்தது, 4096 காஸ்மிக் கதிர். 4112 என்று வந்தால் பயப்படாமல் பிரியுங்கள்: 4096-ம் 16-ம். விண்மீனின் நடுவே 4096 இருந்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஜிடி 153-க்குப் படத்துக்கா பஞ்சம்.

பத்துப் பிக்சல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு உள்ளே இருக்கும் எண்களைக் கூட்டுங்கள். தள்ளி ஒரு வளையம் போட்டுப் பின்புலத்தின் சராசரியை எடுத்து, வட்டத்தின் பரப்புக்கு ஏற்பக் கழியுங்கள். கிடைத்ததை எக்ஸ்போஷர் வினாடியால் வகுத்து, தலைப்பில் 'ஃபோட்ஃப்ளாம்' என்ற வரியில் உள்ள எண்ணால் பெருக்குங்கள். அந்த எண் விண்மீனின் முழு ஒளிக்குமானது; நம் வட்டத்தில் சிக்கியது பத்தில் ஒன்பது பங்குதான். அதையும் கணக்கில் சேர்த்தபின், ஜிடி 153-க்கு நிறுவனம் வெளியிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

விடை நூற்றுக்கு ஓரிரண்டு பங்கு விலகினால் முதல் முயற்சிக்கு மிக நல்லது. சில பங்கு விலகினால், கேமராவின் ஒளியமைப்பு படத்தைக் கோணலாக்குவதால் பிக்சல்களின் பரப்பு இடத்துக்கு இடம் மாறுவதைத் திருத்தினீர்களா என்று பாருங்கள். அதற்கான வரைபடம் தனியாகக் கிடைக்கும். பத்து மடங்கு, நூறு மடங்கு என்று விலகினால், வினாடியால் வகுத்தீர்களா என்று பாருங்கள். யூவிஸின் எஃப்.எல்.டி., எஃப்.எல்.சி. இரண்டிலும் இருப்பது மொத்த எலக்ட்ரான், டி.ஆர்.சி.யில் ஏற்கெனவே வினாடிக்கு இத்தனை என்று வகுத்திருக்கும். இதே கேமராவின் அகச்சிவப்புப் பகுதியிலோ எஃப்.எல்.டி.யே வகுத்துத்தான் வரும். அந்தப் பக்கம் போகும்போது, தலைப்பில் அலகு எழுதியிருக்கும் வரியை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கணக்கைத் தொடுங்கள்.